தம்பியின் கேள்வியும் அப்பாவின் எடைச் சீட்டும்

சித்தப்பா பையன் ஜமைக்காவில், கிங்ஸ்டனில் வேலை பார்க்கிறான். போன வாரம் போன் பண்ணினான். "அக்கா, இங்க ஒருத்தர் பழச்சாறு கம்பெனியில பங்கு தர்றேங்கிறார். போடலாமா? நீங்கதானே வரிக் கணக்கெல்லாம் பார்க்கிறீங்க."

அங்கே பழம் வாங்குற பெரிய கம்பெனி எத்தனை, சந்தையை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வி 2003இல் என் மனசில் ஒட்டிக்கொண்டது. அப்பா இரண்டு டிராக்டர் பெங்களூரா மாங்காயோடு மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்றார். நானும் கூடப் போயிருந்தேன். அங்கே சொன்ன விலைதான் அடுத்த ஃபேக்டரியிலும், பைசா மாறவில்லை. வெயில் ஏறினால் காய் தாங்காது. எடைச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா இறக்கிவிட்டார். ஃபேக்டரிக்காரர்கள் விலையைப் பேசி வைத்துக்கொண்டார்களா என்று இன்றைக்கும் தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் அன்றைக்குத் தெரியாது.

அதனால் ஜமைக்கா சட்டங்களை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். நியாயப் போட்டிச் சட்டம் அங்கே 1993லேயே வந்துவிட்டது. டெண்டரில் கூட்டு சேர்வது, சந்தையில் இருக்கும் பலத்தை வைத்து மற்றவர்களை நசுக்குவது, பொய் விளம்பரம் எல்லாம் அதில் தப்பு. பார்த்துக்கொள்ள நியாய வணிக ஆணையம் இருக்கிறது. ஆனால் அபராதம் போட அது கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கம்பெனிக்கு உச்சவரம்பு 50 லட்சம் ஜமைக்கா டாலர். அவர்கள் டாலர் நம் ரூபாயைவிடக் குறைந்த மதிப்பு என்பதால் பெரிய கம்பெனிக்கு இது வலிக்காது.

இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்தியது. 2011இல் டிஜிசெல் என்ற செல்போன் கம்பெனி, போட்டியாளரான கிளாரோவின் ஜமைக்கா தொழிலை வாங்கியது. அந்த இணைப்பை ஆணையம் விசாரிக்கலாமா என்ற வழக்கு ஜமைக்காவுக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், விசாரிக்கலாம் என்று 2017இல்தான் தீர்ப்பு வந்தது. அதற்குள் சின்ன ஆள் காணாமல் போயிருப்பான். தம்பி மாதிரி ஆட்கள் இதைத் தெரிந்துகொண்டு பணம் போட வேண்டும்.

நம்பிக்கை தருவது அவர்களுடைய தகவல் பெறும் சட்டம். 2002இல் இயற்றி, 2004இல் நடைமுறைக்கு வந்தது. அரசு அலுவலகம் 30 நாளில் பதில் தர வேண்டும், நம் ஆர்டிஐ போலவே. அமைச்சரவைக் கோப்புகள் கிடைக்காது. கம்பெனி அரசு டெண்டரை நம்பி இருக்கிறதா, யார் யாருக்கு என்ன விலைக்கு ஒப்பந்தம் போனது என்று முதலில் எழுதிக் கேள், பதில் வரும் வரை ஒரு பைசா கொடுக்காதே என்று தம்பிக்குச் சொன்னேன்.

திண்ணையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா. "ஏம்மா, விலையைப் பேசி வச்சுக்கிறதைத் தட்டிக் கேட்க நமக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாதா?"

இருக்கிறது என்றேன். போட்டிச் சட்டம் 2002இல் வந்தது, கூட்டு விலைக்கு எதிரான பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே மாதம்தான், ஆணையம் டெல்லியில் இருக்கிறது.

அப்பா எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ரப்பர் பேண்ட் போட்ட எடைச் சீட்டுக் கட்டோடு வந்தார். "வருஷ வாரியா இருக்கு பாரு. விலையெல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

நாளைக்கு அதை உட்கார்ந்து பட்டியல் போடப் போகிறோம்.