பேச விடாத செட்

கூடலூர், தேவாலா பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளுக்கு வாக்கிடாக்கி புரோகிராம் செய்து கொடுப்பது என் தொழில். பட்டனை அழுத்தினால் செட் எப்போது பேச விடலாம், எப்போது விடக்கூடாது என்று முடிவு செய்யும் அமைப்பைத்தான் நான் அதிகம் யோசித்து வைப்பேன். அதற்குக் காரணம் ஒரு ராத்திரி.

அந்த எஸ்டேட்டில் இருபதுக்கு மேல் செட். மேட்டில் ஒரு ரிப்பீட்டர், அதாவது ஒரு செட்டின் பேச்சை வாங்கி வலுவாக எல்லா செட்டுக்கும் திருப்பி அனுப்பும் கருவி. எல்லாருக்கும் ஒரே சேனல். கொழுந்து டிராக்டர், ஃபேக்டரி, மேஸ்திரிமார், ராத்திரி ஆனை வாட்சர் எல்லாரும் அதில்தான். கொழுந்து எடை போடும் நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து அழுத்திவிடுவார்கள். இந்த செட்டெல்லாம் எஃப்எம் முறையில் வேலை செய்பவை, அதில் வலுவான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும். சம பலமாக இருந்தால் விசில் சத்தம்தான் மிஞ்சும். தன் பேச்சு போய்ச் சேரவில்லை என்பது பேசியவருக்குத் தெரியவே தெரியாது.

இதில் டோன் வேறு. ஒரே அலைவரிசை தூரத்தில் இன்னொருவருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். அவர் பேச்சு நம் காதில் விழாமலிருக்க ஆளுக்கொரு டோன் வைப்போம். பேச்சோடு சேர்ந்து போகும், காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலி அது, தன் டோன் வந்தால்தான் செட் ஸ்பீக்கரைத் திறக்கும். இவர்களுக்கு 88.5 ஹெர்ட்ஸ் என்றால் அவர்களுக்கு 103.5 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் சும்மா இருப்பதால் சேனல் காலி என்று நினைத்து அழுத்திவிடுவார்கள். சேனலில் ஆள் இருப்பதைக் காட்டும் விளக்கு செட்டின் மேல் எரியத்தான் செய்யும். ஆனால் மழையில் செட் ஜெர்க்கினுக்குள்ளே அல்லவா இருக்கிறது!

அதனால் எல்லா செட்டிலும் பிஸி சேனல் லாக்அவுட் போட்டேன். சேனலில் யாராவது இருந்தால் செட் பீப் அடிக்கும், பேச விடாது. மோதல் குறைந்தது, மேனேஜருக்குத் திருப்தி, எனக்கும்தான்.

ஜூலை மாசம், பலாப்பழ சீசன். பழ வாசத்துக்கு ஆனை தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசல்வரை வரும். அன்று ராத்திரி ஜீப்பில் ஒரு செட் சீட்டுக்கடியில் விழுந்து, பட்டன் அழுந்தியபடியே கிடந்திருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பேச்சைத் தானாக நிறுத்தும் டைம் அவுட் டைமரை நான் போடாமல் விட்டிருந்தேன். ஒற்றை செட் சேனல் முழுவதையும் பிடித்துக்கொண்டது. மேல் லைன் வாட்சர் ஆனையைப் பார்த்து அழுத்துகிறார், பீப். மறுபடி அழுத்துகிறார், மறுபடி பீப். கடைசியில் டார்ச்சோடு ஓடிக் கதவு கதவாகத் தட்டினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"தம்பி, பேச விடாத செட்ட எனக்கு எதுக்குக் குடுத்தீங்க?" காலையில் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

வாட்சர் செட்டில் லாக்அவுட்டை எடுத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். போதாது. ஜீப் ரிப்பீட்டருக்குப் பக்கத்தில் நின்றால் அதன் சிக்னலே ஜெயிக்கும், வாட்சர் பேசினாலும் எடுபடாது. எந்த செட்டும் அறுபது விநாடிக்கு மேல் தொடர்ந்து பேச முடியாதபடி டைமர் வைப்பதுதான் சரி. எல்லா செட்டுக்கும் வைத்தேன், ரிப்பீட்டருக்கும் வைத்தேன். ஒருவர் பேசி முடித்த பின்னும் ரிப்பீட்டர் சில விநாடி அலையை விடாமல் வைத்திருக்கும். லாக்அவுட் அதையும் பிஸி என்று எடுத்துக்கொண்டு பதில் பேச விடாது. அதை ஒரு விநாடியாகக் குறைத்தேன். எடை போடும் இடத்துக்கு லாக்அவுட் இருக்கட்டும், வாட்சர்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு ரிப்பீட்டர் இல்லாத நேரடி சேனல் ஒன்றும் தனியாக. நேரடி சேனலில் லாக்அவுட்டை நம்பவும் முடியாது. செட் தன் காதில் விழுவதை வைத்துத்தான் முடிவெடுக்கும், மலைக்கு அந்தப் பக்கம் பேசுகிறவர் அதன் காதில் விழமாட்டார். இதையெல்லாம் லேப்டாப்பைத் திறக்கும் முன் வாட்சர்களோடு உட்கார்ந்து கேட்டுத்தான் முடிவு செய்தேன். முதல் தடவை அதைச் செய்யாதது என் தப்பு.

புரோகிராம் முடிந்ததும் ஒரு செட்டை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இன்னொன்றை அந்த மேல் லைன் வாட்சர் கையில் கொடுத்து எண்ணச் சொன்னேன். வாய்விட்டு எண்ணினார். அறுபதை நெருங்கும்போது என் செட் தானாக ஓய்ந்தது. அவர் உடனே அழுத்தி, "கீழ் லைன், கேக்குதா?" என்றார்.

"கேக்குது, சொல்லுங்கண்ணே."