மெடிக்கலில் மட்டும் எகிறிய பிபி: 24 மணி நேர மெஷின் கட்டி மீண்ட அனுபவம்

ஆஃபர் லெட்டர் வந்து, சேரும் தேதியும் குறித்தாகிவிட்டது. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. ரத்தம், எக்ஸ்ரே, ஈசிஜி, கண் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. பிபிக்கு நேரே மட்டும் 168/104 என்று எழுதி 'டெம்பரரி அன்ஃபிட்' என்று முத்திரை குத்திவிட்டார்கள். அப்பாவுக்காக வாங்கிய மெஷினில் எப்போது பார்த்தாலும் எனக்கு 120-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

அந்த 168-ஐ எப்படி எடுத்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. வயிற்று ஸ்கேனுக்காக வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, பாத்ரூம் போகக் கூடாது என்று உட்கார வைத்திருந்தார்கள். வரிசை நகரவே இல்லை. "அதுக்குள்ள மாடில போய் பிபி பாத்துட்டு வந்துடுங்க மேடம்" என்றார்கள். படியேறிப் போய் மூச்சு வாங்க உட்கார்ந்ததுமே சுடிதார் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார் சிஸ்டர். எந்த கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தார். எண்ணைப் பார்த்ததும் "ஐயோ, இவ்வளவு இருக்கே!" என்றார். அடுத்த தடவை இன்னும் ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்?

டாக்டர் ஃபைலை விட்டு நிமிரவே இல்லை. மாத்திரை எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். சேரும் தேதி அதற்குள் போய்விடும் என்றேன். "அது எங்க பிரச்சினை இல்லம்மா" என்றார்.

எங்கள் தெருவிலுள்ள பொது மருத்துவரிடம் போனேன். முதலில் பாத்ரூம் போய்வரச் சொன்னார். பிறகு முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட 5 நிமிடம் சும்மா உட்கார வைத்தார். கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் வைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி அளந்தார். 148. சற்று விட்டு இன்னொரு தடவை பார்த்தபோது 138.

பயந்தால் பிபி ஏறும். பயந்தவுடன் மூளையிலிருந்து நரம்பு வழியாகச் சேதி போய், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது. உள்ளங்கை சில்லிட்டு வியர்ப்பதும் வாய் உலர்வதும் இதனால்தான். சில நிமிடங்கள் கழித்து கார்ட்டிசோல் என்ற ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது. நிரம்பிய மூத்திரப்பையும் இதே நரம்புகளைத்தான் தூண்டிவிடுகிறது. எதிர்த்து நில் அல்லது ஓடு என்ற இந்த எதிர்வினையை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-இலேயே விளக்கிவிட்டாராம். நூறு வருடத்துக்கு மேல் தெரிந்த விஷயம், வேலைக்கு ஆள் எடுக்கும் மெடிக்கலில் மட்டும் ஏன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை?

"டாக்டர், ஆஸ்பத்திரின்னாலே ஏறுற வெள்ளைக்கோட்டு பிபி மாதிரி தெரியுது. ஆனா என் வார்த்தைய ஒத்துக்க மாட்டாங்க. 24 மணி நேரம் மெஷின் கட்டிப் பாத்துடுங்க" என்றார் எங்கள் தெரு மருத்துவர்.

இங்கேதான் அலைச்சல். இந்த ஆம்புலேட்டரி பிபி மெஷின் எல்லா லேபிலும் கிடையாது. பெரிய சென்டர் ஒன்றில் இருக்கிறது என்று பஸ் பிடித்துப் போனால், இருக்கும் ஒரே மெஷினை வேறொருவர் கட்டிக்கொண்டு போயிருந்தார். போனில் கேட்டபோது "இருக்கு, வாங்க" என்றவர்கள் அவர்களேதான். மெஷின் இன்றைக்குக் கையில் இருக்கிறதா என்று அழுத்திக் கேளுங்கள். உங்கள் கை பருமனுக்கு ஏற்ற பட்டை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பட்டை சிறியதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும்.

பகலில் அரை மணிக்கு ஒருமுறை, இரவில் மணிக்கு ஒருமுறை தானாக இறுகும். இறுகும்போது கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அளவு பதிவாகாமல் போகலாம். குளிக்க முடியாது. ராத்திரி அது உறுமுகிற சத்தத்தில் மகள் விழித்து அழுதாள். என்ன செய்தோம், எப்போது படுத்தோம் என்று நேரத்தோடு குறித்து வையுங்கள். எனக்கு அது பெரிய உதவி. கம்பெனி எச்ஆர் போன் செய்த நேரத்தில் மட்டும் 151, அரை மணியில் 122. பகல் சராசரி 124/79, தூக்கத்தில் 108/66. பகல் சராசரி 135/85-ஐத் தொட்டால்தான் ரத்த அழுத்த நோய் என்பார்கள். தாளைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. சென்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்பை பிரின்ட் போட்டு மெடிக்கல் எடுத்த இடத்துக்குக் கொண்டுபோனால், கவுன்ட்டரில் இருந்தவர் வாங்க மறுத்தார். "ஒரிஜினல் வேணும், டாக்டர் சீல் வேணும். ஃபார்ம்ல பிபிக்கு ஒரு கட்டம்தான் இருக்கு, இத்தனை ரீடிங்க நான் எங்க எழுதுறது?" என்றார். சென்டருக்குத் திரும்பிப் போய் சீல் வாங்கினேன். எங்கள் மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதி வாங்கினேன்: சராசரி இவ்வளவு, மாத்திரை இப்போது தேவையில்லை, வேலைக்குத் தகுதியானவர். இந்தக் கடிதம் இருந்ததால்தான் வேறொரு டாக்டர் உட்கார்ந்து படித்து 'ஃபிட்' போட்டார். ரிப்போர்ட் வாங்கும் நாளிலேயே சீலையும் கடிதத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஏற்கெனவே பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். என்னைப் போன்றவர்களுக்குப் பின்னாளில் நிஜமாகவே பிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், வருடாவருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் மருத்துவர். பார்ப்பேன். பிபியை ஸ்கேனுக்கு அப்புறம், உட்கார வைத்து எடுக்கச் சொல்லுங்கள் என்று எச்ஆருக்கு மெயில் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.