தூக்கத்தை எப்படிக் கேட்பது?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளை வார்டில் சேர்க்கும்போது, மதிப்பீட்டுப் படிவத்தில் உறக்கத்துக்கான கட்டம் பெரும்பாலும் ‘இயல்பு’ என்ற ஒரே சொல்லால் நிரம்பிவிடுகிறது. “ராத்திரி நல்லா தூங்குவீங்களா?” என்று கேட்டால் “அதெல்லாம் தூங்குவேன் சிஸ்டர்” என்றுதான் யாரும் சொல்வார்கள். விசைப்படகில் போகிறவருக்கோ வாரத்தில் சில இரவுகள் வலையிழுப்பதிலேயே கழிகின்றன; விடிந்து கரைக்கு வந்து, மீனை இறக்கி, வெயில் ஏறிய பிறகே அவர் கண்ணை மூடுகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் அதே மனிதர் இரவில் படுத்தும் உறக்கமின்றிப் புரளக்கூடும். ஆகவே, கடைசியாகக் கடலுக்குப் போன நாளில் தொடங்கி, எப்போது படுத்தார், எதற்காக விழித்தார், எழுந்தபோது அசதி இருந்ததா என்று வரிசையாகக் கேட்கிறேன். குறட்டையையும், அதன் நடுவே மூச்சு நின்று திணறுவதையும் மனைவியிடமோ படகில் பக்கத்தில் படுப்பவரிடமோதான் கேட்டறிய வேண்டும்.

பகல் தூக்கத்தை அளக்க, மர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் இருக்கிறது. எட்டுச் சூழல்களில் கண் அயர எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அவற்றில் இரண்டு கார் பயணத்தைப் பற்றியவை. காரில் அதிகம் ஏறாதவரிடம் ராமநாதபுரம் பஸ்ஸில் கண் அசருமா, வலையில் சிக்கெடுக்கும்போது தலை சாயுமா என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கேள்வியை மாற்றிய பிறகு மதிப்பெண் போடுவது முறையல்ல என்பதால், பதிலைக் குறிப்பாக மட்டும் எழுதுகிறேன்.

கடல்பாசி எடுக்கும் பெண்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தூக்கமில்லை என்று சொன்னால், முதலில் பாதத்தைத்தான் பார்க்கிறேன். நரம்புப் பாதிப்பின் எரிச்சல் இரவில்தான் கூடும். கண்ணை மூடச்சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை அது வளையும்வரை பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பேன். பாறையில் நடந்து காய்த்த தோலில் வைத்தால் யாருக்கும் தெரியாது. காய்ப்பை விட்டு விலகி வைக்க வேண்டும்.

மீன் முள் குத்திக் கால் வீங்கிச் சேர்ந்திருந்த ஒரு நாட்டுப்படகு மீனவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். “ராத்திரி தூங்காம ஏதேதோ பேசுறாரு” என்றார் மருமகள். குறிப்பேட்டிலும் ‘குழப்பம்’ என்று எழுதியிருந்தது. கிருமித் தொற்றுள்ள முதியவருக்குச் சித்தக் குழப்பம் வரக்கூடும் என்பதால் அதை லேசாகத் தள்ளிவிடவும் முடியாது. முகக்கவசத்தை இறக்கிவிட்டு, இடது காதருகே குனிந்து, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். “சனி, வெள்ளி, வியாழன்” என்று தடுமாறாமல் ஞாயிறு வரை சொன்னார். தேதி கேட்கவில்லை, அதைப் படுத்திருக்கும் யாரும் மறப்பார்கள். இப்போது என்ன காற்று என்று கேட்டேன். “கச்சான்தான் தாயி, சன்னல் ஆடுறது தெரியலையா?” என்று மேல்காற்றைச் சரியாகச் சொன்னார். பல ஆண்டுகள் இன்ஜின் அருகே உட்கார்ந்து மந்தமாகியிருந்த காதுகளில், வலதில் குரும்பியும் அடைத்திருந்தது. பகலில் வாயசைவைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, விளக்கை அணைத்ததும் அதுவும் இல்லாமல் போனது. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. ஒருமுறை சரியாகச் சொன்னதை வைத்துச் சித்தக் குழப்பம் இல்லையென்று முடிவுகட்ட முடியாது, அது ஏறி இறங்கும் இயல்புடையது. எனவே இரவிலும், இம்முறை டார்ச் ஒளியை என் முகத்தில் படவிட்டு, அதே கேள்விகளைக் கேட்டோம். அப்போதும் பதில்கள் தெளிவாகவே இருந்தன.

அவர் விழித்ததற்குக் காரணம் வார்டிலேயே இருந்தது. இரத்த அழுத்தம் பார்க்க ஒருமுறை, ஊசிக்கு ஒருமுறை என்று நாங்களே எழுப்பினோம். இரவு எட்டு மணிக்குக் கொடுத்த ஃபுரோசெமைடு மாத்திரையால் சிறுநீர் கழிக்கவும் எழுந்தார். மருத்துவரிடம் சொன்னபோது அந்த மாத்திரை மாலை நான்கு மணிக்கு மாறியது. இரத்த அழுத்தத்தையும் ஊசியையும் ஒரே நேரத்தில் முடித்துக்கொண்டோம். படுக்கையின் தலைமாட்டில், இடது பக்கம் நின்று முகம் தெரியப் பேசவும் என்று எழுதி ஒட்டினேன். பணி மாறும்போது அதை வாயாலும் சொல்லிவிட்டுத்தான் போனேன், ஏனெனில் ஒட்டிய காகிதத்தை இரவில் யாரும் படிப்பதில்லை.