நாகர்கோவிலில் கல் தேடல்: ஒழுகினசேரி முதல் கோட்டாறு வரை

பத்மநாபபுரம், சிதறால், வட்டக்கோட்டை எல்லாம் ஊரறிந்த இடங்கள். நாகர்கோவில் நகருக்குள்ளேயே தகவல் பலகை இல்லாமல் கிடக்கும் பழைய கற்களையும் கல்வெட்டுகளையும் பற்றியது இந்தப் பதிவு. ஒழுகினசேரி, நாகராஜா கோயில், கோட்டாறு என்ற தடத்தில் இப்போது தேடி முடித்திருக்கிறோம். ஒரு காலைப்பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம்.

முதலில் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையைக் குனியாமல் இறக்கிவைக்கிற உயரம். ரோட்டை மேலே மேலே போட்டதில் பல கற்கள் முழங்கால் அளவுக்குப் புதைந்துவிடும். யாரோ போட்ட பெஞ்சு என்று நினைத்துக் கடந்துவிடுவோம். கிடைக்கல்லின் முன்விளிம்பைப் பாருங்கள், எழுத்து இருந்தால் பெரும்பாலும் அங்கேதான். ஆற்றுக் கடவு, ஏற்றம் தொடங்கும் இடம், கிணற்றடி, கல்மடத்துப் பக்கம் தேடினால் கிடைக்கும். பைபாஸில் தேடிப் பயனில்லை. குளத்து மடைக்கற்களுக்கு, தண்ணீர் வற்றும் கோடைதான் சமயம்.

ஒழுகினசேரி சோழராஜா கோயிலில் சுவரைவிட அடித்தளத்துக்கு நேரம் கொடுங்கள். கல்வெட்டில் ‘மும்முடிச்சோழநல்லூர்’ என்று வந்தால் அது கோட்டாறுதான்; சோழர் வைத்த பெயர். நாஞ்சில்நாட்டைப் பிடித்த கையோடு ஊர்ப்பெயரையும் மாற்றிவிட்டார்கள்.

எழுத்தைப் படிக்க வெளிச்சம்தான் முக்கியம். டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. கல்லை ஒட்டி, பத்து இருபது டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். பக்கவாட்டு ஒளியில் நிற்கும் கோடுகள் எழும்பும், மேலிருந்து அடித்தால் கிடக்கும் கோடுகள். அதனால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு படம், பக்கத்தில் ஒரு அளவுகோல். சாக்பீஸ், மைதா, திருநீறு எதுவும் பூசாதீர்கள். மாவு குழிக்குள் தங்கிவிடும் என்பது ஒரு காரணம். சாக்பீஸில் நாம் ஊகித்து இழுத்த கோட்டை அடுத்து வருகிறவர் எழுத்தாகவே படித்துவிடுவார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆண்டுக் கணக்கில்தான் அதிகம் சறுக்கும். இங்கே பெரும்பாலும் கொல்லம் ஆண்டு, அதாவது ஆவணியில் தொடங்கும் மலையாள ஆண்டு. உதாரணத்துக்கு, ‘கொல்லம் ௯௱௨௰௩ ௵ தை ௴’ என்று இருந்தால் அது 923. ௱ நூறு, ௰ பத்து, ௵ வருடம், ௴ மாதம். ௰-ஐ ‘ய’ என்றும் ௨-ஐ ‘உ’ என்றும் படித்து, இல்லாத ஒரு சொல்லை உண்டாக்கிவிடுவது சாதாரணம். கி.பி. ஆண்டு தெரிய, ஆவணி முதல் கார்த்திகை வரை 824 கூட்டவும், தை முதல் ஆடி வரை 825. ஆகவே இது 1748. அதே ஆண்டு ஐப்பசி என்றால் 1747. மார்கழி இரண்டு ஆண்டிலும் விழும், தேதி இருந்தால்தான் தீர்மானிக்கலாம்.

நாகராஜா கோயில் மண்டபத் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர், பத்மாவதி என்ற சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. தலைக்கு மேல் படம் விரித்த பாம்பு, உடம்பில் ஆடையோ அணியோ இல்லை என்றால் பார்சுவநாதர். குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணர்களின் பெயர்கள் இந்தக் கோயில் கல்வெட்டுகளில் வருகின்றன. படம் எடுக்க அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்தில் ஆண்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லும் கோயில்கள் நிறைய. டார்ச்சுக்கும் நோட்டுக்கும் சின்னப் பை அவசியம்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் கிறிஸ்தவ மறைசாட்சி தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இருக்கிறது. 1752-ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுடப்பட்டவர். எல்லோருக்கும் தெரிந்த இடம், தடத்தில் இருப்பதால் குறிக்கிறோம்.

அடுத்து சுசீந்திரம் ரோடு. வழியில் திருப்பணிக் கொட்டகை போட்ட கோயில் கண்ணில் பட்டால், மற்றதை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் படமெடுக்க வேண்டும். திருப்பணியில் கல்லைச் சுத்தம் செய்ய அடிக்கும் மணல் வீச்சில் கல் பளிச்சென்று ஆகும். ஆழமில்லாத எழுத்து அதோடு போய்விடும்.