நான்கு கால் கொண்ட தென்னைச் சிலந்தி

குரும்பையின் தலைப்பை மூடியிருக்கும் இதழ்களுக்கு அடியில் கூட்டமாக ஒளிந்து சாறு உறிஞ்சும் ‘ஈரியோபைட் சிலந்தி’ எனப்படும் நுண்ணிய சிலந்திப்பேனுக்கு, மற்றச் சிலந்திப்பேன்களைப் போல் எட்டுக் கால்கள் இல்லை. கால் மில்லிமீட்டர் அளவே உள்ள புழுவடிவ உடலில் நான்கே கால்கள். மெக்சிகோவின் கெரெரோவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1965இல் அமெரிக்கச் சிலந்திப்பேன் ஆய்வாளர் எச். எச். கீஃபர் இதை ‘அசேரியா கெரெரோனிஸ்’ என்ற புதிய இனமாக விவரித்தார்.

கண்ணாடித் தகட்டில் ஏற்றி, முதுகுக் கவசத்தின் கோடுகளையும், மயிர்கள் முளைத்த இடங்களையும், கால் நுனியில் இறகு போல் கிளைக்கும் நகத்தின் கதிர்களையும் நுண்ணோக்கியில் பொறுமையாக எண்ணினால்தான் இனம் பிரியும். 1998இல் இச்சிலந்தி கேரளத்தில் தென்பட்டுத் தமிழகத் தோப்புகளுக்கும் பரவி, மட்டை பழுப்பேறி வெடித்த சிறு காய்களைக் கண்டு விவசாயிகள் கலங்கியபோது, வந்திருப்பது எது என்று சொல்ல இந்த அறிவுதான் கைகொடுத்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மோகனசுந்தரம் தென்னிந்தியச் செடிகளிலிருந்து பல புதிய இனங்களை விவரித்தவர். அத்தகைய பணிக்கு இளையோர் இன்னும் நிறைய வரவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.