டேவ் கல்லஹர்: எதிரணியினர் வெறுத்த தலைவர்

அயர்லாந்தின் டோனகலில் 1873-இல் பிறந்து, 1878-இல் குடும்பத்துடன் நியூசிலாந்தில் குடியேறிய டேவ் கல்லஹர், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் படைவீரராகப் பணியாற்றிய பின், பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளுக்கான 1905-06 சுற்றுப்பயணத்தில் நியூசிலாந்து ரக்பி அணிக்குத் தலைமை தாங்கினார். அந்த அணி ஆடிய 35 ஆட்டங்களில் 34-இல் வென்றது.

அவர் ஆடிய இடமே பெரும் சர்ச்சையானது. பிரிட்டிஷ் அணிகள் ஸ்க்ரமில் (இரு அணி முன்கள வீரர்களும் பிணைந்து நின்று பந்துக்காகத் தள்ளிக்கொள்வது) எட்டுப் பேரை நிறுத்தியபோது, நியூசிலாந்து அணி ஏழு பேரையே நிறுத்தியது. எட்டாமவரான கல்லஹர் பந்தை உள்ளே உருட்டிவிட்டு ஸ்க்ரமின் பக்கவாட்டிலேயே நின்றுகொள்வார். ஸ்க்ரமிலிருந்து வெளிவரும் பந்தை எடுக்க வரும் நியூசிலாந்தின் ஹாஃப்பேக்கை நெருங்க முயலும் எதிரணி வீரர், முதலில் இவரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இதை எதிரணியினரை விதிமீறி வழிமறிப்பது என்றும் ஏமாற்று என்றும் பிரிட்டிஷ் பத்திரிகைகள் சாடின. விதியின் விளிம்பில் நின்று ஆடிய கெட்டிக்காரத்தனம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் எதிரணி ஹாஃப்பேக்கிடம் கேட்டால் வேறு பதில்தான் கிடைத்திருக்கும்.

1905 டிசம்பர் 16 அன்று கார்டிஃபில் வேல்ஸ் 3-0 என்று வென்றது. நியூசிலாந்து வீரர் பாப் டீன்ஸ் டிரை (எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) அடித்தாரா இல்லையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஸ்க்ரமில் பந்து இடும் முறைக்காக நடுவர் கல்லஹரைத் திரும்பத் திரும்பத் தண்டித்ததும் அந்தத் தோல்விக்கு ஒரு காரணம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓய்வுக்குப் பின் ஆக்லாந்து அணிக்குப் பயிற்சியளித்ததோடு, தேசிய அணியின் தேர்வாளராகவும் இருந்தார். முதல் உலகப் போரில் மீண்டும் களம் புகுந்து, 1917 அக்டோபர் 4 அன்று பெல்ஜியத்தின் பாஷன்டேல் போர்முனையில், தமது 43-ஆம் வயதில் உயிரிழந்தார். ஆக்லாந்து ரக்பி மன்றங்கள் இன்றும் கல்லஹர் கேடயத்துக்காக மோதுகின்றன.