தண்ணீர்த் தொட்டி விளக்கு

மார்கழி பிறந்தாலே, விமான நிலையத்தில் வானிலை பார்த்து எழுதும் நான் அன்று அனுப்பிய அந்தக் காலை ஆறு மணி அறிக்கை நினைவுக்கு வந்துவிடுகிறது. அன்று நான் சரியாகத்தான் செய்தேன். இதை எனக்கே எத்தனை முறை சொல்லிக்கொள்கிறேன் என்பதுதான் உறுத்துகிறது.

திரையில் ஓடுபாதைப் பார்வைத் தூரம், அதாவது ஓடுபாதையில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று கருவி காட்டும் எண், மளமளவென்று இறங்கி 700 மீட்டரில் நின்றது. நானோ அப்போதுதான் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்திருந்தேன். 2 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தண்ணீர்த் தொட்டியின் சிவப்பு விளக்கு பளிச்சென்று தெரிந்தது. விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து இன்டர்காம் அடித்தது. சித்தூர்க்காரர், மூத்தவர்.

“தம்பி, மெஷின் 700 காட்டுகிறதே, உங்கள் கண்ணுக்கு எவ்வளவு?”

“இரண்டாயிரம் சார்.”

“எதை எழுதப்போகிறீர்கள்?”

“கண்ணை.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, எழுதுங்கள்” என்றார். கருவி சந்தேகத்துக்குரியது என்று பதிவேட்டில் குறித்துவிட்டு 2000 என்று அனுப்பினேன். விமானம் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எட்டு மணிக்குக் கருவியைத் துடைக்கப் புத்தூர்த் தம்பி துணியோடு போனான், நானும் போனேன். எங்கள் கருவி இரண்டு கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கை ஒளியை வீச, நடுவிலுள்ள காற்றில் பட்டுச் சிதறுவதை மறு கை வாங்கும். சிதறல் கூடினால் பார்வை குறைந்துவிட்டதாகக் கணக்கு. கைகளுக்கு நடுவே ஒரு சிலந்தி வலை. இழைக்கு இழை பனித்துளி கோத்துப் பாசிமணி மாதிரி மின்னியது. “அண்ணா, இதோ திருடன்!” என்று ஒரே இழுப்பில் துடைத்தான். எண் ஏறியது. ஆனால் அதற்குள் வெயிலும் ஏறியிருந்தது.

இதே வேலைக்குப் பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கிய கருவிக்கு ‘திருஷ்டி’ என்று பெயர். எங்களுடையது அது அல்ல. இருந்தாலும் அந்தப் பெயரைக் கேட்டால் எனக்குக் கண் நினைவுக்கு வராது, நடுத்தெருவில் உடைத்த பூசணிக்காய்தான் வரும்.

வலை கிடைத்ததும் என் பக்கம்தான் நியாயம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன், மாலை வரைக்கும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சித்தூர்க்காரர் வந்தார். “இறங்கி ஓடும்போது கீழே பால் தெளித்த மாதிரி இருந்தது என்று பைலட் சொன்னார்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

ஓடுபாதைக்கு மேலே ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்துப் பார்வையைத்தான் அந்த எண் சொல்ல வேண்டும். நான் நின்றது மொட்டைமாடி. தரையோடு தாழப் படியும் பனியை அங்கிருந்து பார்த்தால் அதன் தலைக்கு மேலேதான் பார்வை போகும். போதாக்குறைக்கு, இருட்டில் விளக்கு எப்போதுமே கூடுதல் தூரத்துக்குத் தெரியும்; பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம். வலையும் உண்மை, பனியும் உண்மையாக இருந்திருக்கலாம். 700 எழுதியிருந்தால் விமானம் சென்னைக்குத் திரும்பியிருக்கும், எட்டு மணிக்கு அந்த வலையைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டியிருப்பார்கள். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் ‘கண்ணை’ என்றேனா?

இப்போதெல்லாம் அறிக்கைக்கு முன் தரைக்கு இறங்கியும் ஒருமுறை பார்க்கிறேன். அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி தெரிவதில்லை. மதில் மறைக்கிறது.